எடிட் செய்வதுபோல வேலையையும் வாழ்க்கையையும் திருத்த முடியுமா?

பேனாமுனை:
அலுவலகத்தில் அறிக்கை, கடிதம், கட்டுரை எல்லாவற்றையும் திருத்துவதுதான் என் வேலை. யார் எழுதித் தந்தாலும் மூன்றாவது சுற்றில் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் என் நாள் மட்டும் வருஷக்கணக்காக முதல் வரைவாகவே ஓடுகிறது, அதே அவசரம், அதே கடைசி நேரப் பரபரப்பு. எழுத்தில் செய்வதை வேலை செய்யும் முறையிலும் வீட்டிலும் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? பொதுவான அறிவுரை வேண்டாம், நாளைக்கே செய்து பார்க்கிற மாதிரி சொல்லுங்கள்.

தறி:
எடிட்டிங்கில் பாதி நீக்குவதுதானே. "உரிய நடவடிக்கைகள் மேற்கொள்ளப்பட்டு வருகின்றன" என்று ஒருவர் எழுதித் தந்தால் யார், என்ன, எப்போது என்று கேட்பீர்கள். பதில் இருந்தால் அது "கணக்குப் பிரிவு வெள்ளிக்கிழமைக்குள் பணத்தைத் திருப்பித் தரும்" என்று மாறும், இல்லையென்றால் அந்த வரியே போய்விடும். அதே கேள்வியை வாராந்திர மீட்டிங்கிடமும் கேளுங்கள். எங்கள் குழுவில் எல்லோரும் ஏற்கெனவே மெயிலில் படித்ததையே ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டிருந்தோம், அதை எடுத்துவிட்டோம், யாரும் தேடவில்லை. புதுப் பழக்கம் சேர்ப்பதெல்லாம் அப்புறம்.

சக்கரம்:
எப்போது திருத்துகிறோம் என்பதும் முக்கியம். டொயோட்டா கார் தொழிற்சாலை முறையில் கோளாறைப் பார்த்த தொழிலாளி அங்கேயே எச்சரிக்கைக் கயிற்றை இழுப்பார், குழுத் தலைவர் உடனே வருவார், வண்டி குறிப்பிட்ட இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகவில்லை என்றால் உற்பத்தி வரிசையே நிற்கும். கைசென், அதாவது சிறுகச் சிறுகத் தொடர்ந்து மேம்படுத்துவது என்று எல்லோரும் பேசுகிறோமே, அதன் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பேன். மாதக் கடைசியில் உட்கார்ந்து யோசித்தால் கோளாறு ஞாபகம் இருக்கும், அது எப்படி வந்தது என்பது மறந்து போயிருக்கும். அதனால் பரபரப்பு வந்த அன்றைக்கே எங்கே தாமதமானது என்று ஒரு வரி எழுதி வையுங்கள், அடுத்த முறை அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நாலைந்தை ஒன்றாக மாற்றினால் எது பலன் தந்தது என்றே தெரியாது.

நிலாமுற்றம்:
எங்கே நிறுத்துவது என்று யாரும் சொல்லவில்லையே. டார்வின் 'உயிரினங்களின் தோற்றம்' நூலை 1859-இல் வெளியிட்டார், 1872-இல் வந்த ஆறாம் பதிப்பு வரை திருத்திக்கொண்டே இருந்தார். தத்துவவாதி ஹெர்பர்ட் ஸ்பென்சரிடமிருந்து எடுத்த 'தக்கது பிழைக்கும்' என்ற தொடரே 1869-இல் ஐந்தாம் பதிப்பில்தான் உள்ளே வந்தது. ஆனால் ஆட்சேபங்களுக்குப் பதில் சொல்லச் சொல்லப் புத்தகம் பெருத்தது, ஆறாம் பதிப்பில் அதற்கென்றே ஒரு புது அத்தியாயம். முதல் பதிப்பின் வாதம்தான் தெளிவு என்று சொல்கிற அறிஞர்கள் உண்டு, எனக்கும் அப்படித்தான் படுகிறது. வேலையை வெளியே விட்ட பிறகும் திருத்தலாம், சரி. வருகிற ஒவ்வொரு குறைக்கும் வளைந்து கொடுத்தால் செய்ய வந்த வேலை மங்கிவிடும். அப்புறம், வீட்டில் திருத்துவது என்றால் உங்கள் நேரத்தையும் உங்கள் பேச்சையும் திருத்துங்கள், கூட இருப்பவர்கள் மேல் சிவப்புப் பேனாவை வைக்காதீர்கள்.

பேனாமுனை:
எல்லோருக்கும் நன்றி. சக்கரம், ஒரு சந்தேகம். எனக்கு வரும் வரைவே தாமதமாகத்தான் வருகிறது. அப்போது என் பக்கத்தில் எதை மாற்றுவது?

சக்கரம்:
அனுப்புகிறவரிடம் போய் உட்காருங்கள். "ஏன் லேட்?" என்று கேட்காமல், அவருக்கு விவரம் எப்போது கையில் கிடைக்கிறது என்று கேளுங்கள். அநேகமாக அவரும் யாருக்காகவோ காத்திருப்பார். முழு வரைவும் முடியட்டும் என்று நிற்காமல் முடிந்த பகுதியை முதலில் வாங்கித் திருத்த ஆரம்பிக்க முடியுமா என்றும் பாருங்கள்.