2,500 வெள்ளிக்குள் நிச்சயதார்த்த வைர மோதிரம்: இந்த இரண்டில் எது?

சிப்புட்_தம்பி:

அண்ணன்மார், அக்காமார் எல்லாருக்கும் வணக்கம். தை மாதம் நிச்சயம். தட்டு மாற்றும்போது பெண்ணுக்கு வைர மோதிரம் போடுவதாகப் பேச்சு. கையில் இருப்பது 2,500 வெள்ளி (மலேசிய ரிங்கிட்), அதற்கு மேல் ஒரு காசு ஏறாது. தவணையும் கிரெடிட் கார்டும் வேண்டாம்.

சுங்கை சிப்புட்டில் கைக்கு எட்டுவது பெரும்பாலும் 916 (22 காரட்) தங்க நகைதான். அதனால் ஈப்போ லிட்டில் இந்தியா பக்கம் இரண்டு மோதிரம் பார்த்து வைத்திருக்கிறேன்.

ஒன்று: 750 (18 காரட்) வெள்ளைத் தங்கம், ஏழு குட்டிக் கல்லைப் பூ மாதிரி சேர்த்துக் கட்டியது, "மொத்தம் 21 சென்ட்" (100 சென்ட் ஒரு காரட் எடை), கடையின் சொந்த அட்டை மட்டும். விலை 2,380.

இரண்டு: லேப் வைரம் (ஆய்வுக்கூடத்தில் வளர்த்தது), வட்டமான ஒற்றைக் கல், 50 சென்ட், ஐஜிஐ என்ற வைரத் தரச்சோதனை நிறுவனத்தின் சான்றிதழ், 750 மஞ்சள் தங்கம், கல்லைப் பிடிக்க நான்கு கொக்கி. விலை 2,450.

பெண் தாதியாக வேலை செய்கிறார், நாள் முழுக்கக் கையுறை மாட்டிக் கழற்றும் வேலை. விரல் அளவு தெரியாது. மாமாவோ, "லேப் கல்லெல்லாம் டூப்ளிகேட், இயற்கைக் கல் என்றால் அவசரத்துக்கு அடகு வைக்கவாவது ஆகும்" என்று ஒற்றைக் காலில் நிற்கிறார். எதை எடுப்பது?

கல்தராசு:

தம்பி, அந்த ஏழு கல் மோதிரத்தை முதலில் ஓரம் கட்டுங்கள். 21 சென்ட் என்பது ஏழையும் கூட்டிச் சொன்ன கணக்கு. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் 3 சென்ட், குறுக்களவு 2 மில்லிமீட்டர்தான். வைரத்தின் விலை எடையோடு நேர்கோட்டில் ஏறாது. கல் பெரிதாக ஆக, காரட் ஒன்றின் விலையே எகிறும். அதனால் 21 சென்ட் ஒற்றைக் கல்லும், 3 சென்ட் கல் ஏழும் எடையில் ஒன்று, விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஒற்றைக் கல் விலையை மனதில் வைத்துக்கொண்டு "21 சென்ட் இந்த விலைக்கா!" என்று மயங்குவது இந்த இடத்தில்தான்.

அந்தக் குட்டிக் கற்களுக்குத் தனிச் சான்றிதழும் கிடையாது, எடுத்தால் கட்டுப்படியாகாது. ஐஜிஐ மாதிரியே வைரத்துக்குத் தரச்சான்று தரும் ஜிஐஏ கொடுக்கும் டோசியர் என்ற சிறிய அறிக்கையே 15 சென்ட்டிலிருந்துதான் தொடங்குகிறது. ஏழில் இரண்டு லேப் கல்லாகக் கலந்திருந்தால் விற்கிறவருக்கே தெரியாமல் போகலாம். கடை அட்டை என்பது விற்பவர் தன் சரக்குக்குத் தானே மார்க் போட்டுக்கொள்வது.

இனி மாமா விஷயம். லேப் கல் டூப்ளிகேட் இல்லை. கரி அணுக்கள் அடுக்கியிருக்கும் விதம் அதே, மோஸ் அளவில் கடினம் அதே 10. பெரும் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வளர்ப்பது ஹெச்பிஹெச்டி. மீத்தேன் கலந்த வாயுவிலிருந்து கரியைப் படலம் படலமாகப் படிய வைப்பது சிவிடி. கடையில் பேனா மாதிரி வைத்துப் பார்க்கும் டெஸ்டர் வெப்பம் கடத்துவதை மட்டுமே அளக்கிறது, அதன் முன் இயற்கையும் லேப்பும் ஒன்றுதான். டூப்ளிகேட் என்று திட்ட வேண்டுமானால் வைரம் என்று சொல்லி விற்கப்படும் மொய்சனைட் என்ற வேறு கல்லைத் திட்டலாம். பழைய டெஸ்டர் அதையும் வைரம் என்றே காட்டும். ஆனால் 10 மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லூப் என்ற உருப்பெருக்கியைக் கண்ணருகே பிடித்து, கல்லைச் சற்றுச் சாய்த்து உள்ளே பார்த்தால் பின்பக்கப் பட்டைகளின் ஓரங்கள் இரட்டை இரட்டையாகத் தெரியும். வைரத்தில் அப்படித் தெரியாது.

இரண்டாவது மோதிரத்தை எடுப்பதானால் சான்றிதழில் முதலில் பார்க்க வேண்டியது வெட்டு. நிறமும் சுத்தமும் அதற்குப் பிறகுதான். 50 சென்ட் வட்டக் கல் ஒழுங்காக வெட்டியிருந்தால் குறுக்களவு 5.1 மி.மீ. ஒட்டி இருக்கும். 4.85 என்று இருந்தால் எடையை அடிவயிற்றில் ஒளித்திருக்கிறார்கள், காசு 50 சென்ட்டுக்கு, பார்வை 43 சென்ட்டுக்கு. குறுக்களவில் ஆழம் 59 முதல் 62.5 விழுக்காடு, மேல்மேசை (உச்சியில் உள்ள தட்டைப் பட்டை) 54 முதல் 58 என்றால் பயமில்லை. அதிக ஆழமான கல்லில் நடுவே கறுப்பு வட்டம் நிற்கும். தட்டையான கல்லில் மேசைக்குள்ளே சாம்பல் வளையம் தெரியும். இரண்டும் ஒளி மேலே திரும்பாமல் கீழே ஒழுகிப் போவதன் அடையாளம்.

சுத்தத்தில் (உள்ளே புள்ளி, கீற்று எவ்வளவு குறைவு என்பது) விவிஎஸ் என்ற உயர் தரம் கேட்டுக் காசைக் கொட்டாதீர்கள். அதற்குக் கீழான விஎஸ்2 போதும், வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. மஞ்சள் தங்கத்தில், லேசான மஞ்சள் சாயலுள்ள ஹெச், ஐ நிறத் தரமும் வெள்ளையாகவே தெரியும். லேப் கல்லில் மட்டும் ஒரு கூடுதல் சோதனை: வெள்ளைத் தாளின் மேல் கவிழ்த்துப் பாருங்கள், சிவிடி கல் சிலவற்றில் லேசான பழுப்பும் ஹெச்பிஹெச்டி சிலவற்றில் லேசான நீலமும் ஓடும்.

பட்டறை_பத்தர்:

கல்லைப் பற்றி அண்ணன் சொல்லிவிட்டார், நான் தங்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். உங்கள் பட்ஜெட்டைத் தின்பது தங்கம்தான்.

கணக்குக்காக 999 என்ற சுத்தத் தங்கம் கிராம் 500 வெள்ளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய விலையைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளலாம். 750 என்றால் முக்கால் பங்கு, கிராம் 375. மூன்று கிராம் மோதிரத்தில் தங்கம் மட்டும் 1,125. அதையே 2.4 கிராமில் செய்தால் 900. மிச்சம் 225 வெள்ளி அப்படியே கல்லுக்குப் போகும், அல்லது பையிலேயே கிடக்கும். அதற்காக ஒன்றரை கிராமுக்கு இறங்காதீர்கள். வளையம் 1.8 மி.மீ. அகலம், 1.5 மி.மீ. தடிப்பாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் ஒரு வாளியைத் தூக்கும்போதே வளையம் நீள்வட்டமாகும், கொக்கி நெகிழும், கல் ஆடும். சில ரெடிமேட் மோதிரத்தில் வளையத்தின் உள்பக்கம் குடைந்து எடை குறைத்திருப்பார்கள், விரலால் தடவினாலே பள்ளம் தெரியும்.

யாராவது "916-லேயே கட்டித் தரேன்" என்றால் ஒற்றைக் கல்லுக்கு வேண்டாம். 916 மெத்தென்றது, கொக்கி சீக்கிரம் வளையும். 750 சரியான தேர்வு, அதிலும் மஞ்சள். வெள்ளைத் தங்கத்தின் பளபளப்பு மேலே பூசிய ரோடியம் என்ற வெள்ளை உலோகத்தால் வருவது. அடிக்கடி சோப்பு போடும் கையில் அது சீக்கிரம் தேய்ந்து மங்கல் மஞ்சள் எட்டிப் பார்க்கும், மறுபடி பூச வேண்டும், ஒவ்வொரு தடவையும் செலவு. எந்த நிறத் தங்கமாக இருந்தாலும் குளோரின் உள்ள பிளீச்சில் கையை விடும்போது கழற்றிவிடச் சொல்லுங்கள். குளோரின் கலப்பு உலோகத்தை அரிக்கும், மெல்லிய கொக்கியில்தான் முதலில் விரிசல் விடும்.

தாதி என்கிறீர்கள், அதனால் அந்த நான்கு கொக்கி கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். உயர்த்திக் கட்டிய கொக்கி நைட்ரைல் கையுறையை உள்ளிருந்தே கிழிக்கும், கையுறையைக் கழற்றும்போது கொக்கி நுனியும் மாட்டி மாட்டித் தூக்கும். பல மருத்துவமனைகளில் வார்டில் கல் மோதிரம் போடவே விடமாட்டார்கள், அதைப் பெண்ணிடம் கேட்டுக்கொள்ளுங்கள். போடலாம் என்றால் அதே கல்லைச் சுற்றித் தங்க விளிம்பு கட்டச் சொல்லுங்கள், கடையில் பெசல் என்பார்கள். 50 சென்ட் கல்லின் உயரமே 3.1 மி.மீ. சுமார் இருக்கும். தாழ்த்திக் கட்டினால் விரலிலிருந்து மேல்பரப்பு வரை 4.5 மி.மீ.க்குள் அடக்கலாம். அடிப்பக்கம் திறந்திருக்கட்டும். மூடிவிட்டால் சோப்புக் கறை உள்ளே அடைந்து கல் செத்துப் போன மாதிரி ஆகிவிடும்.

விரல் அளவு: பெண்ணின் தங்கை, அண்ணி யாரையாவது பிடியுங்கள். அதே கையில் அதே விரலில் போடும் மோதிரம் ஒன்றை வாங்கி, உள்விட்டத்தை வெர்னியர் என்ற அளவுகோலில் மி.மீ. கணக்கில் எடுங்கள். கடைக்குக் கடை எண் மாறும், மி.மீ. மாறாது. அமெரிக்க அளவு முறையில் அரை சைஸ் என்பது விட்டத்தில் 0.4 மி.மீ. மட்டுமே, அதனால் நூல் சுற்றி அளப்பது வேலைக்கு ஆகாது. சாயங்காலம் விரல் உப்பும், காலையில் இறங்கும். சந்தேகம் இருந்தால் அரை சைஸ் கூட்டியே செய்யுங்கள். மோதிரம் கணுவில் நின்றுகொண்டால் வீடியோவிலும் அதுதான் நிற்கும். வளையத்தில் கல் பதிக்காத மோதிரமாக இருந்தால் பிறகு குறைப்பது சின்ன வேலை.

தாப்பா_அக்கா:

லேப் கல் சரியா என்று கேட்டால் எனக்கு முழு உடன்பாடு இல்லை. மாமாவின் காரணம் தப்பு, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அடகுக்கடைத் தராசுக்குத் தங்கம்தான் கணக்கு. கல்லைப் பெரும்பாலும் மதிப்பில் சேர்ப்பதே இல்லை, எடையிலிருந்து கழித்தும் விடுவார்கள். இயற்கைக் கல்லும் கடையை விட்டு வெளியே வந்தால் வாங்கிய விலைக்குத் திரும்பாது. லேப் கல் இன்னும் மோசம், கடந்த சில வருடங்களில் விலை விழுந்துகொண்டே வந்திருக்கிறது. அவசரத்துக்கு ஆகும் நகை வேண்டும் என்றால் 916-இல் கல்லில்லாத நகை வாங்க வேண்டும், வைரத்திடம் அதை எதிர்பார்க்கக்கூடாது.

ஆனால் இதே பணத்தில் மூன்றாவது வழி இருக்கிறது. இயற்கைக் கல், ஒற்றை, 18 முதல் 20 சென்ட், ஜிஐஏ டோசியருடன், ஐ நிறம், சுத்தத்தில் எஸ்ஐ1 (விஎஸ்2-க்கு ஒரு படி கீழ்). குறுக்களவு 3.7, 3.8 மி.மீ. வரும். சிறிதுதான், ஆனால் மெல்லிய விரலில் பாந்தமாக இருக்கும், சபையில் பெரியவர்கள் கேட்டால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். எஸ்ஐ1 எடுத்தால் ஒன்று கவனியுங்கள்: மேசைக்கு நடுவில் கரும்புள்ளி கூடாது, விளிம்பைத் தொடும் கீற்றும் கூடாது. விளிம்புக் கீற்று ஒரு தட்டில் சில்லாகப் பெயரும்.

லேப் கல்தான் என்று முடிவெடுத்தால் பெண் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போட்ட பிறகு வேறு வாயால் தெரிந்தால் கல்லின் குணத்தை யாரும் பேசமாட்டார்கள், மாப்பிள்ளையின் குணத்தைத்தான் பேசுவார்கள்.

ரசீது விஷயத்தில் விடாப்பிடியாக இருங்கள். தங்கத்தின் தரம், தங்க எடை தனி, கல் எடை தனி, கூலி தனி, சான்றிதழ் எண், "இயற்கை" அல்லது "லேப்" என்ற சொல், திருப்பிக் கொடுத்தால் எவ்வளவு, மாற்றிக்கொண்டால் எவ்வளவு, எல்லாம் எழுத்தில். 50 சென்ட் கல் 0.1 கிராம்தான், மொத்த எடையைத் தங்கமாக எழுதியிருந்தால் அங்கேயே கேளுங்கள். பின்னால் தகராறு வந்தால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி மனு போடலாம், 50,000 வெள்ளி வரை விசாரிப்பார்கள், வக்கீல் தேவையில்லை. எழுத்து இல்லாமல் போனால் அங்கேயும் வாய்ச்சண்டைதான்.

சிப்புட்_தம்பி:

எல்லாருக்கும் நன்றி. பெண்ணிடமே கேட்டுவிட்டேன். லேப் கல்லில் அவருக்கு ஆட்சேபணை இல்லை, உயரம் மட்டும் வேண்டாம் என்றார். இரண்டாவது மோதிரத்தின் கல்லையே தாழ்வான விளிம்பில் கட்டித் தரக் கடையிலும் சம்மதம், விலை அதே. போய் நின்று எதை முதலில் பார்ப்பது?

கல்தராசு:

வார நாளில், காலை பதினொன்று வாக்கில் போங்கள். சனிக்கிழமைக் கூட்டத்தில் யாரும் உங்களுக்கு லூப் பிடித்துக் காட்டமாட்டார்கள். கல்லைத் துடைத்துத் தரச் சொல்லுங்கள், விரல் எண்ணெய் பட்ட கல் நல்ல வெட்டையும் மங்கலாகக் காட்டும். பிறகு கடை விளக்குக்கு அடியில் பார்க்காதீர்கள், அந்த ஸ்பாட் லைட்டில் கண்ணாடித் துண்டும் மின்னும். கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு ஐந்தடிக்கு (கடை முன் நடைபாதைக்கு) வந்து, நிழலில் நின்று, கையை மெல்ல ஆட்டிப் பாருங்கள். வெள்ளையும் கறுப்புமாக மாறி மாறித் துடித்தால் நல்ல கல். சோம்பிக் கிடந்தால் சான்றிதழ் என்ன சொன்னாலும் வேறு கல் கேளுங்கள்.

ஒரு விஷயத்தைப் பத்தர் அண்ணன் விட்டுவிட்டார். சான்றிதழ் எண்ணை லேசரில் கல்லின் இடுப்பு விளிம்பில்தான் பொறிப்பார்கள். லேப் கல்லுக்கு ஐஜிஐ எண் எல்ஜி என்று தொடங்கும். முழு விளிம்பு கட்டினால் அந்த எழுத்து தங்கத்துக்குள் மறைந்துவிடும், பிறகு பார்க்கவே முடியாது. அதனால் இப்போதிருக்கும் கொக்கியிலேயே முதலில் லூப்பில் எண்ணைப் படித்து, ஐஜிஐ இணையத்தளத்தில் போட்டு, எடையும் மி.மீ. அளவும் ஒத்துப் போகிறதா என்று கைபேசியில் பாருங்கள். கல்லைக் கழற்றி மாற்றிக் கட்டுவது உங்கள் கண்ணெதிரே நடந்தால் உத்தமம். பட்டறைக்கு அனுப்புகிறார்கள் என்றால் அரை விளிம்பு கேளுங்கள்: இரண்டு பக்கம் தங்கம் பிடிக்கும், இரண்டு பக்கம் திறந்திருக்கும். எழுத்து இருக்கும் பக்கத்தைத் திறப்பில் வைக்கச் சொல்லி ரசீதிலும் எழுதி வாங்குங்கள்.

கையில் வந்ததும் காதோரம் வைத்து மோதிரத்தை நகத்தால் தட்டுங்கள், கலகல என்றால் கல் இறுகவில்லை. விளிம்பின் மேல் பஞ்சை ஓட்டுங்கள், இழை மாட்டினால் அங்கே தங்கம் சரியாக அழுத்தப்படவில்லை, கையுறை மாட்டப்போவதும் அதே இடத்தில்தான். திருப்பிக் கொடுத்து மெருகு போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அதற்குத் தனிக் கூலி கேட்டால் கொடுக்காதீர்கள்.

பட்டறை_பத்தர்:

அரை விளிம்பு சரி, கல்தராசு அண்ணே. ஆனால் தம்பி, திறந்த பக்கம் வளையம் ஓடும் திசையில், பக்கத்து விரல்களை நோக்கி வரட்டும். விரல் நுனியை நோக்கியும் மணிக்கட்டை நோக்கியும் திறந்திருந்தால் கையுறை மாட்டும்போது கல்லின் ஓரம் இடிபடும்.