4294967297: 2-ஐ வைத்துச் சோதித்தால் மட்டும் பகா எண்ணாகத் தெரிவது ஏன்?

கேள்வி (மீதி_தேடி):
2^32 + 1, அதாவது 4294967297. ஃபெர்மா சோதனையில் (2 போன்ற ஓர் எண்ணை 4294967296-ஆம் அடுக்குக்கு உயர்த்தி, 4294967297-ஆல் வகுத்து மீதி எடுப்பது; பகா எண் என்றால் 1 வரவேண்டும்) பைத்தான் 2-க்கு 1 தருகிறது. பகா எண் போலத் தெரிகிறது. 3-க்கு 3029026160. சி பிளஸ் பிளஸ்ஸில், குறியில்லா 64 பிட்டில், 3-க்கு அதே விடைதான். ஆனால் 2-க்கு 0 வருகிறது! எது சரி? கையால் காரணி கண்டுபிடிக்க வழி உண்டா?

அடுக்குக்குறி:
பகு எண்தான். 3-க்கு 1 வராததே போதுமான சாட்சி. எண்ணை ந என்று வைத்துக்கொள்வோம். 2^32-ஐ ந-ஆல் வகுத்தால் மீதி −1 (அதாவது ந − 1). எனவே 2^64-க்கு மீதி 1. சோதனையில் வரும் அடுக்கு ந − 1 = 2^32; அது 64-இன் மடங்கு. ஆக 1 வந்தே தீரும். ஃபெர்மா எண் (2^(2^ம) + 1 வடிவ எண்; இங்கே ம = 5) எதுவானாலும் 2 இப்படித்தான் ஏமாற்றும். அதே 2-ஐ வைத்து மில்லர்–ராபின் என்ற இன்னும் கடுமையான சோதனைக்கு மாறியும் பயனில்லை, ஐந்தாவது வர்க்கத்திலேயே −1 வந்து தேறிவிடும். ஃபெர்மா எண்களுக்கென்றே உள்ள பெபின் சோதனை செய்யுங்கள்: 3-ஐ 31 முறை வர்க்கப்படுத்தி மீதி எடுத்தால், பகா எண்ணுக்கு −1 வரவேண்டும். இங்கே வருவது 10324303.

பிட்_கணக்கு:
சி பிளஸ் பிளஸ்ஸில் வந்த அந்த 0, வழிதலால் (விடை 64 பிட்டுக்குள் அடங்காததால்) வந்தது. மீதிகளில் மிகப் பெரியது ந − 1 = 2^32. அதன் வர்க்கம் 2^64. 64 பிட்டில் அது அப்படியே 0 ஆகிவிடும். மற்ற எந்த மீதியின் வர்க்கமும் உள்ளே அடங்கும், அதனால்தான் 3 தப்பித்தது. குறியுள்ள 64 பிட் என்றால் 3037000499-ஐத் தாண்டிய எந்த மீதியை வர்க்கப்படுத்தினாலும் தவறாகும். பெருக்கலை மட்டும் 128 பிட்டில் செய்யுங்கள்.

வகுத்தி:
கையால் முடியும். இதன் பகாக் காரணி எதுவும் 128க + 1 வடிவில்தான் (க ஒரு முழு எண்) இருக்கும். 129, 385, 513 பகு எண்கள். 257-உம் ஒரு ஃபெர்மா எண். இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக்காரணி கிடையாது. அடுத்தது 641, அதுவே காரணி. இதைப் பகா எண் என்று கணித மேதை ஃபெர்மா நம்பியதை 1732-இல் ஆய்லர் இந்த 641-ஐக் காட்டித்தான் உடைத்தார். வகுக்காமலே சரிபார்க்கலாம்: 641 = 5·2^7 + 1 = 5^4 + 2^4. முதல் வடிவத்தின்படி 5·2^7-இன் மீதி −1. நான்காம் அடுக்கில் 5^4·2^28-இன் மீதி 1. இரண்டாவதன்படி 5^4-க்குப் பதில் −2^4 போடலாம். −2^32-இன் மீதி 1 என்றாகிறது, அதாவது 641 நம் எண்ணை மீதியின்றி வகுக்கும்.

மீதி_தேடி:
அருமை, நன்றி. ஈவு 6700417. அது பகா எண்ணா?

வகுத்தி:
ஆம். வர்க்கமூலம் 2588 சொச்சம். ஈவின் காரணி நம் எண்ணுக்கும் காரணிதான், எனவே அதே வடிவம் போதும். அதற்குள் 128க + 1 வடிவில் உள்ள பகா எண்கள் ஐந்தே: 257, 641, 769, 1153, 1409. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622; எதுவும் 0 இல்லை.