காங்கேயம் பசுவின் வலது கண்: ஸ்கேன் எங்கே எடுக்கலாம்?

தாராபுரம் பக்கம். காங்கேயம் பசு, 6 வயது, 4 மாசச் சினை. பொங்கல் கழிந்ததிலிருந்து வலது கண்ணில் பார்வை இல்லை. ராத்திரி டார்ச் அடித்தால் இடது கண் நீலப்பச்சையாக மின்னுகிறது. விழித்திரைக்குப் பின்னால் இருக்கும் பளபளப்புப் படலம் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் வருவது அது. வலது கண்ணில் அந்த மினுக்கமே இல்லை. குறுக்காக நீண்ட கண்மணிக்குள் மோர் கலங்கினாற்போல் வெண்மை. வெளிப்படலம் தெளிவு, அதனால் மங்கல் லென்ஸில்தான் என்று படுகிறது. அந்தப் பக்கம் கையை ஆட்டினால் இமைப்பதில்லை. கட்டுத்தறியில் முட்டிக்கொள்கிறது, மனசு பதறுகிறது.

டாக்டர் சாயச் சொட்டு விட்டுப் பார்த்தார், புண் இல்லை. ஆன்டிபயாடிக் சொட்டு, களிம்பு இரண்டும் போட்டாயிற்று, மாற்றமில்லை. கண் அழுத்தம் பார்க்கும் கருவி இங்கே கிடையாது.

விழித்திரை நன்றாக இருக்கிறதா என்று பார்க்க, மாட்டுக் கண்ணுக்கு ஸ்கேன் எடுக்கும் இடம் கோவை, நாமக்கல் பக்கம் எங்கே இருக்கிறது?