தீயணைப்புத் துறையில ரிட்டயர் ஆனவர் பொண்ணுக்கு காலேஜ் ஃபீஸ் சலுகை உண்டா?

குன்னூர்வாசி: பொண்ணோட அப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்ல (ராணுவம்) 17 வருஷம், அப்புறம் தீயணைப்புத் துறை, இப்ப ரிட்டயர். பொண்ணு குன்னூர்ல எய்டட் ஸ்கூல், இங்கிலீஷ் மீடியம், பிளஸ் டூ 78%. கவுன்சிலிங்ல பி.இ. சேரணும். எதுக்கெல்லாம் அப்ளை பண்ணலாம்?

பட்டாளத்தார்: தீயணைப்பு சர்வீஸை ஓரமா வைங்க, கைகொடுக்கப் போறது பட்டாள சர்வீஸ்தான். அதுக்கப்புறம் வேற அரசு வேலை பார்த்தாலும் முன்னாள் படைவீரர் தகுதி போயிடாது.

பி.இ. கவுன்சிலிங்ல முன்னாள் படைவீரர் பிள்ளைகளுக்கு 150 சீட் தனியா இருக்கு. ஊட்டி முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துல சான்று வாங்கி அப்ளிகேஷனோடவே போடுங்க.

அடுத்து, பிரதமர் ஸ்காலர்ஷிப். பொண்ணுங்களுக்கு மாசம் 3,000. வருஷத்துக்கு 36,000 மொத்தமா அக்கவுண்ட்ல விழும். பிளஸ் டூவுல 60% இருந்தா அப்ளை பண்ணலாம், ஆனா வருஷம் 5,500 பேருக்குத்தான் தர்றாங்க. முதல் வருஷத்துலயே கே.எஸ்.பி. (மத்திய சைனிக் போர்டு) வெப்சைட்ல போட்டுடணும். புதுப்பிக்க ஒவ்வொரு வருஷமும் 50% வேணும்.

ஃபைல்கட்டு: பலர் மாட்டுறது டிஸ்சார்ஜ் புக்குலதான், அதாவது பட்டாளத்துல இருந்து வர்றப்ப தர்ற சர்வீஸ் புக். பொண்ணு பேர் பார்ட் டூ ஆர்டர்ல (குடும்ப விவரத்தைப் பதியற ராணுவ உத்தரவு) ஏறியிருக்கா, பிறந்த தேதி மார்க் ஷீட்டோட ஒத்துப்போகுதான்னு இன்னிக்கே பாருங்க. புக்குல 'கவிதா', மார்க் ஷீட்ல 'கவிதா குமாரி'ன்னு இருந்தாலே சான்று கிடைக்காம நிக்கும். நல்லவேளை, மெட்ராஸ் ரெஜிமென்ட் ரெக்கார்ட் ஆபீஸ் குன்னூர் பக்கத்துல வெலிங்டன்லயே இருக்கு. ராணுவத்தோட சிக்னல்ஸ் பிரிவுக்காரங்க இதுக்கு ஜபல்பூருக்கு எழுதிப் போட்டுட்டு உட்காரணும். பேங்க் அக்கவுண்ட் பொண்ணு பேர்ல, ஆதார் இணைச்சு இருக்கணும். காலேஜ்ல போனஃபைடு (அங்க படிக்கறதுக்கான சான்று) கொடுக்கறப்ப முதல்வர் கையெழுத்தும் சீலும் விடுபடாம பார்த்துக்குங்க.

இசேவை: 7.5% ஒதுக்கீடு கிடைக்காது, அதுக்கு ஆறாவதுலேர்ந்து அரசுப் பள்ளி வேணும். காலேஜ் பொண்ணுங்களுக்கு மாசாமாசம் உதவித்தொகை தர்ற புதுமைப் பெண் திட்டம் எய்டட் ஸ்கூலுக்கும் வந்துடுச்சு, ஆனா தமிழ் மீடியத்துக்கு மட்டும். மிச்சம், டியூஷன் ஃபீஸ்ல முதல் பட்டதாரி சலுகை. தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப்பிறந்தவங்க யாரும் டிகிரி முடிச்சிருக்கக் கூடாது. அந்தச் சான்றுக்கு இ-சேவையில சேவை எண் ஆர்.இ.வி. 104, கட்டணம் 60 ரூபாய். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. தாண்டி மண்டலத் துணை தாசில்தார்கிட்ட போகும், அதனால கவுன்சிலிங் வர்ற வரைக்கும் காத்திருக்காதீங்க. மேனேஜ்மென்ட் சீட்னா இந்தச் சலுகை கிடையாது.

குன்னூர்வாசி: ஒருவேளை பி.எஸ்சி. கணக்குக்குப் போனா?

பட்டாளத்தார்: பிரதமர் ஸ்காலர்ஷிப் வராது, அது தொழிற்படிப்புக்கு மட்டும். பி.சி.ஏ., நர்சிங்னா வரும். ஆனா ஊட்டி அரசு கலைக் கல்லூரியில சேர்ந்தா டியூஷன் ஃபீஸே கிடையாது, ஸ்பெஷல் ஃபீஸும் பரீட்சை ஃபீஸும்தான்.