கேசான் குன்றுகளில் சிக்கிய எம்-16: வியட்நாம் மரைன்களிடம் கேட்டவை

மலைக்காகம்:
வியட்நாம் போரில் கேசான் பக்கம் அமெரிக்க மரைன்கள் போட்ட குன்றுச் சண்டை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1967 ஏப்ரல் 24 முதல் மே 11 வரை, 861, 881 தெற்கு, 881 வடக்கு என்ற குன்றுகளில். மரைன்களில் 155 பேர் செத்தார்கள். நேரே விஷயத்துக்கு வருகிறேன். அங்கே இருந்த ஒருவர் சொன்னது மண்டையை விட்டுப் போகவில்லை: பக்கத்துக் குழியில் இருந்தவன் செத்துக் கிடக்கிறான், எம்-16 துப்பாக்கி மடியில், குழல் வாயில் துப்புரவுக் கம்பி பாதி இறங்கியபடி.

சுட்ட தோட்டாக்கூடு அறைக்குள், அதாவது குழலின் பின்முனையில் தோட்டா உட்கார்ந்து வெடிக்கும் இடத்தில், ஒட்டிக்கொண்டால் என்ன செய்யணும் தெரியுமா? மேகசினைக் கழற்றி, அறையை மூடும் போல்ட்டைப் பின்னிழுத்துப் பூட்டி, பின்னால் வந்து முட்டி நிற்கும் அடுத்த தோட்டாவை உதறித் தள்ளி, கம்பித் துண்டுகளைத் திருகிச் சேர்த்து, குழல் வாய் வழியே இறக்கிக் குத்தணும். ஒரே ஒரு கூட்டுக்கு இவ்வளவு. அந்தக் கம்பியும் எல்லோர் கையிலும் இல்லை. முன்பு கையில் இருந்த எம்-14 துப்பாக்கியின் தூரிகை 7.62 மி.மீ. குழலுக்கானது, 5.56க்குள் நுழையாது. எல்லாவற்றுக்கும் காரணம் வெடிமருந்தை மாற்றியதுதான்.

ரவைக்கூடு:
கடைசி வரி தப்பு அண்ணே. இதை எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள்.

குச்சி வடிவ வெடிமருந்தை விட்டு உருண்டை வடிவ மருந்துக்குப் போனதால் இரண்டு கெடுதல். ஒன்று, நிமிடத்துக்கு 850 சுடும் வேகம் என்ற வரம்பைத் துப்பாக்கி தாண்டியது. இரண்டு, அதில் கலந்திருந்த கால்சியம் கார்பனேட் மெல்லிய வாயுக்குழாயில் படிந்தது. சரி. ஆனால் கூடு ஏன் ஒட்டியது? அறைக்குக் குரோம் பூச்சு கிடையாது. எம்-14க்கு இருந்தது, இதற்கு மிச்சம் பிடித்தார்கள். மழையிலும் ஈரத்திலும் அறை துருப்பிடித்துக் குழி குழியாகிறது. சுட்டவுடன் பித்தளை விரிந்து அந்தக் குழிகளைக் கவ்விக்கொள்கிறது. போல்ட்டோ வழக்கத்தைவிட வேகமாகப் பின்னால் போகிறது, கூடு சுருங்குவதற்குள் போல்ட்டில் உள்ள கொக்கி இழுக்கிறது, விளிம்பு பிய்ந்து கொக்கி மட்டும் வெறுமனே வருகிறது. துருவும் வேகமும் சேர்ந்தால்தான் இந்த வினை. மருந்தை மட்டும் குற்றம் சொன்னால், பிறகு ஏன் அறைக்குக் குரோம் பூசி, போல்ட்டின் வேகத்தைத் தணிக்கும் பஃபரையும் மாற்றினார்கள்?

'சுத்தமே செய்ய வேண்டாத துப்பாக்கி' என்ற பேச்சோடு கையில் கொடுத்ததைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. 1967 அக்டோபரில் இதை விசாரித்த அமெரிக்க நாடாளுமன்றத்தின் இக்கார்ட் துணைக்குழு அறிக்கையே கடுமையாகச் சொன்னது.

தென்றல்:
நீங்க ரெண்டு பேரும் துப்பாக்கியிலேயே நிக்கிறீங்க. நான் பார்த்த மரைன் இன்சுலின் போட்டுக்கிறவர். முன்னாள் படைவீரர் துறை (விஏ) தர்ற ஊனத்தொகைக்குப் பேப்பர் எதுவும் போடலை. ஏன்னு கேட்டா, "என் மேல யாரும் மருந்து தெளிக்கலையே." அவ்வளவுதான் சொன்னார்.

தெளிச்சதை நிரூபிக்கவே வேண்டாம்! 1962 ஜனவரி 9 முதல் 1975 மே 7 வரைக்குள் வியட்நாம் மண்ணில் கால் வச்சிருந்தா போதும், காட்டு இலையை உதிர்க்கத் தெளிச்ச ஏஜென்ட் ஆரஞ்ச் மருந்து பட்டதாகவே விஏ எடுத்துக்கும். இரண்டாம் வகை சர்க்கரை நோய் 2001லேயே அந்த மருந்தால வர்ற நோய்ப் பட்டியலில் வந்தாச்சு. அடைப்பால வர்ற இதய நோய், பார்கின்சன் 2010ல். ரத்த அழுத்தம் 2022ல். யாராவது தெரிஞ்சா இப்படிச் சொல்லுங்க: முதல்ல 21-0966 படிவம், அது தேதியைப் பிடிச்சு வைக்கும், ஒரு வருஷத்துக்குள்ள 21-526இஇசட்ங்கிற விண்ணப்பத்தைப் போடணும். பிடிச்ச தேதியிலிருந்தே பணம் கணக்காகும், அதான் முதல்ல இது. கூட டிடி-214ங்கிற படைப்பணி விடுவிப்புச் சான்று, டாக்டர் கொடுத்த நோய்ச் சான்று. டிடி-214 தொலைஞ்சிருந்தா எஸ்எஃப்-180 படிவம் போட்டு செயின்ட் லூயிஸ் ஆவணக் காப்பகத்தில் கேக்கணும். அந்தக் காப்பகத்தில் 1973ல் பிடிச்ச தீயில் எல்லாம் எரிஞ்சு போச்சுன்னு பல பேர் விட்டுடறாங்க. எரிஞ்சது தரைப்படை, விமானப்படை கோப்புகள், மரைன் கோப்புகள் இல்ல. சாப்பாட்டுக் கட்டுப்பாடோட இன்சுலினோ மாத்திரையோ இருந்தா ஊன அளவு 20 சதவீதம்னு எடுத்துக்குவாங்க. சர்க்கரையால கால் மரத்துப் போயிருந்தா அது தனிக் கணக்கு, ஒவ்வொரு காலுக்கும் தனி. இதைத்தான் எழுதாம விட்டுடறாங்க.

மலைக்காகம்:
தென்றல், நல்ல விஷயம்தான், ஆனால் இதை இங்கே யார் கேட்டது? ரவைக்கூடு, குரோம் பற்றி நீ சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மேகசினை விட்டுவிட்டாயே. 20 போடுகிற இடத்தில் 18 போட்டார்கள், ஸ்பிரிங் திணறும் என்று.

ரவைக்கூடு:
அது தோட்டா மேலே ஏறாத கோளாறு. கம்பி குத்துகிற கோளாறு வேறு. 18 போட்டாலும் துருப்பிடித்த அறை விடாது. எண்ணெயை அள்ளிப் பூசினாலும் செம்மண் தூசி அதில் ஒட்டி இன்னும் மோசமாகும். அறைக்கென்று தனித் தூரிகை வந்து, தினமும் துடைத்த பிறகுதான் அடங்கியது.

தென்றல்:
மலைக்காகம் அண்ணே, கோச்சுக்காதீங்க. உங்க மரைனுக்குக் காதுல இரைச்சல் இருக்கான்னு மட்டும் கேளுங்க. அது 10 சதவீதம். ரெண்டு காதுலயும் இருந்தாலும் ஒரே 10தான்.