ஹோமோஜெனைசேஷன்: மழைக் கணக்குக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும்

குழுவினர் எல்லாருக்கும் வணக்கம். மலேசியாவின் பந்திங்கிலிருந்து எழுதுகிறேன்.

போன ஞாயிறு இங்கே கோயில் மண்டபத்தில் ஐந்தாம் படிவ மாணவர்களுக்கு வேலை வழிகாட்டல் வைத்திருந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். வானிலைத் தரவில் வேலை செய்கிறேன், பழைய மழைப் பதிவுகளைத் திருத்துவதுதான் அதில் பாதி என்றேன். முன்வரிசையில் இருந்த பிள்ளை ஒன்று கையைத் தூக்கிக் கேட்டது: "அப்படின்னா கணக்க மாத்திருவீங்களா அக்கா?"

பத்து நிமிடம் விளக்கினேன். 'திருத்தம்' என்ற சொல்லை நான் எடுக்காமல் இருந்திருந்தால் அந்தப் பத்து நிமிடமும் தேவைப்பட்டிருக்காது. இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஹோமோஜெனைசேஷன் என்று பெயர். அதற்குப் பொருத்தமான தமிழ்ச் சொல் தேடித்தான் இந்த மடல்.

என் மேசையில் இப்போது இருப்பது இந்த வட்டாரத் தோட்டம் ஒன்றின் மழைப் புத்தகம். ரப்பர் இருந்த காலத்தில் தொடங்கியது, செம்பனை வந்த பிறகும் தொடர்கிறது. மழை பெய்தால் பால்வெட்டு கிடையாது, வெட்டிய பிறகு பெய்தால் மங்கில் (மரத்தில் பால் பிடிக்கும் கிண்ணம்) இருக்கும் பாலும் போச்சு. அதனால் தோட்டங்கள் மழையைக் கண்ணும் கருத்துமாக எழுதி வைத்தன. பிரட்டு (காலையில் ஆள் கணக்கெடுப்பது) முடிந்ததும் கிராணி, அதாவது தோட்டக் கணக்குப்பிள்ளை, போய் மழைமானியில் தேங்கிய நீரை அளவுக் குவளையில் ஊற்றிப் பார்ப்பார். அங்குலத்தில் எழுதுவார். பிற்பாடு மில்லிமீட்டர், ஓர் அங்குலத்துக்கு 25.4. சில பக்கங்களில் பழைய கையெழுத்து நின்று வேறு கையெழுத்து தொடங்குகிறது. ஓரிடத்தில் ஓரத்தில் பென்சிலால் ஒரே வரி: 'மானி ஆபீஸ் பின்புறம் மாற்றப்பட்டது'. எனக்கு அந்த வரி தங்கம்.

ஏனென்றால், மானி இடம் மாறினால் எண்ணும் மாறும். பக்கத்தில் மரமோ கட்டடமோ இருந்தால் மழை மறைபடும். மானியின் வாய்க்கு மேலே ஒரு தடை எவ்வளவு உயரமோ, அதில் குறைந்தது இரு மடங்கு தூரம் தள்ளி மானி இருக்க வேண்டும் என்பது உலக வானிலை அமைப்பின் வழிகாட்டல். செம்பனை வளர வளர அந்தத் தூரம் போதாமல் போகும். அந்த ஆண்டுகளில் மழை குறைந்ததுபோல் புத்தகம் காட்டும், ஆனால் வானத்தில் ஒரு குறையும் இருந்திருக்காது.

இன்னொன்று. 1981 டிசம்பர் 31 இரவு 11.30 ஆனபோது தீபகற்ப மலேசியாவில் கடிகாரத்தை 12க்குத் தள்ளி வைத்தார்கள். சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்குவதற்காக. காலை 8 மணிக்குப் படித்த கிராணி மறுநாளும் 8 மணிக்குத்தான் படித்தார், ஆனால் அது பழைய 7.30. நமது மேற்குக் கரையில் சுமாத்திராத் தீவுப் பக்கமிருந்து வரும் சுமாத்திராக் காற்றுமழை விடியற்காலையில்தான் வந்து அடிக்கும். அந்த அரைமணி நேரத்தில் கொட்டிய மழை ஒருநாள் தள்ளிப்போய் எழுதப்படும். மாதக் கூட்டுத்தொகை பெரிதாக மாறாது. ஒரே நாளில் பெய்த பெருமழையைத் தேடும்போதும், மணிவாரித் தரவோடு ஒப்பிடும்போதும் அது உதைக்கும்.

இதையெல்லாம் கண்டுபிடித்து, 1950களின் எண்ணையும் 2000களின் எண்ணையும் ஒரே மானியில், ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அளந்ததுபோல் ஆக்குவதுதான் ஹோமோஜெனைசேஷன். வழி எளிது. பக்கத்துத் தோட்டங்களின் பதிவை எடுத்து இரண்டுக்கும் உள்ள விகிதத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 100 பெய்தால் இங்கே 95 என்று பல வருடம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்திலிருந்து சட்டென்று 80. மழை அப்படி ஒரு தோட்டத்தை மட்டும் ஒதுக்காது, அளவில்தான் ஏதோ நடந்திருக்கிறது. இதைப் புள்ளியியல் முறைப்படி சோதிக்க சுவீடனின் அலெக்சாண்டர்சன் 1986இல் ஒரு சோதனையை வெளியிட்டார். அதையும் மழைப் பதிவில்தான் செய்து காட்டினார். இன்றும் நாங்கள் அதை ஓட்டுகிறோம், பைத்தான் கணினி மொழியில் சில வரிதான்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். 'திருத்தம்' என்றால் கிராணி தப்பு செய்தார் என்றாகிறது. அவர் தப்பே செய்யவில்லை. 'சீராக்கம்' என்றால் ஏற்ற இறக்கத்தைத் தேய்த்து வழவழப்பாக்குவது போல இருக்கிறது. வறட்சியும் வெள்ளமும் அப்படியே இருக்க வேண்டும், அவற்றைத் தேடித்தானே வந்தோம். 'ஒருமைப்படுத்தல்' அரசியல் மேடைச் சொல்.

என் முன்மொழிவு: ஒருபடியாக்கம். பள்ளி அறிவியலில் 'ஒருபடித்தான கலவை', அதாவது எங்கும் ஒரே தன்மையுள்ள கலவை, ஏற்கெனவே இருக்கிறது. அதோடு 'படி' என்றால் அளக்கும் படி. பஞ்சாங்கம் இன்றைக்கும் மழையை மரக்கால் கணக்கில் சொல்கிறது, தானியத்தை அளக்கிற பாத்திரத்தால் மழையை அளப்பது நமக்குப் புதிதல்ல. நாங்கள் மழையை மாற்றவில்லை, படியை ஒன்றாக்குகிறோம். அந்தப் பிள்ளையிடம் இதைச் சொல்லியிருந்தால் ஒரு வாக்கியத்தில் முடிந்திருக்கும். இடையில் அளவு மாறுவதற்கு 'படிமாற்றம்', பதிவில் அது நடந்த இடத்துக்கு 'முறிவு' என்று துணைச் சொற்களையும் வைத்துக்கொள்ளலாம்.

உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

---

வணக்கம்மா. காப்பாரிலிருந்து எழுதுகிறேன், பணி ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியன்.

விளக்கம் நன்றாக இருக்கிறது. சொல்லில்தான் எனக்குத் தடை. தமிழ்நாட்டு வேதியியல் நூல்களில் பாலிமர் என்பது பலபடி, மோனோமர் ஒற்றைப்படி, பாலிமரைசேஷன் பலபடியாக்கல். நம் ரப்பர்ப் பாலே ஒரு பலபடிதான். அதைப் படித்த பிள்ளைக்கு 'ஒருபடியாக்கம்' என்றால் நீண்ட சங்கிலியை உடைத்து ஒற்றைப்படியாக்குவது என்று தோன்றும். நேர் எதிரான வேதிவினை! மேலும், இந்தக் காலத்துப் பிள்ளைக்கு 'படி' என்றால் மாடிப்படி. அளக்கும் படியை எங்கே பார்த்தது?

---

வணக்கம் ஐயா.

முதல் தடைக்கு நான் தலை வணங்குகிறேன். பலபடியாக்கல் என் கவனத்தில் இல்லை. ரப்பர் மண்ணில் நின்றுகொண்டு அந்தக் குழப்பத்தை உண்டாக்கக் கூடாது.

இரண்டாவதை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். நம் கல்யாணங்களில் நிறைபடி வைக்காத மணவறை உண்டா? படி நிறைய நெல்லோ அரிசியோ வைத்து, பக்கத்தில் விளக்கு. பிள்ளைகள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், பெயர் சொன்னால் புரிந்துகொள்வார்கள்.

அதனால் படியை விடாமல், வேதியியலோடும் மோதாமல், 'ஒருபடித்தான' என்பதிலிருந்தே நேராகப் பிறக்கட்டும்: ஒருபடித்தாக்கம். ஓர் எழுத்து கூடினாலும் பலபடியாக்கலின் சாயல் போய்விடுகிறது. 'ஒருபடித்தாக்கிய மழைப்பதிவு', 'ஒருபடித்தாக்காத மூலப்பதிவு' என்று எழுதிப் பார்த்தேன், தடுக்காமல் ஓடுகிறது. ஹோமோஜெனிட்டி 'ஒருபடித்தன்மை'. படிமாற்றம், முறிவு இரண்டும் அப்படியே நிற்கும்.

அப்புறம் ஒன்று. மூலப்பதிவு, ஒருபடித்தாக்கிய பதிவு இரண்டையும் நாங்கள் தனித்தனியாகவே வைக்கிறோம். கிராணி எழுதிய எண் எதுவும் அழிவதில்லை. சொல் விளக்கத்திலேயே இது இடம்பெற வேண்டும் என்று நினைக்கிறேன்:

ஒருபடித்தாக்கம்: அளவுக் கருவி, இடம், நேரம் மாறியதால் பதிவில் விழுந்த படிமாற்றங்களைக் கண்டறிந்து, முழு வரிசையையும் ஒரே படியால் அளந்ததற்கு ஈடாக்குதல். மூலப்பதிவு மாறாது.

அந்த மாணவிக்கு இதை இன்றிரவே அனுப்புகிறேன். மழைப் புத்தகத்தைப் பார்க்க வரலாமா என்று அவள் அப்பா போனில் கேட்டிருக்கிறார். பென்சில் வரி இருக்கும் பக்கத்தில் ஒரு காகிதத்தை வைத்திருக்கிறேன்.