புதுப்பிப்பு: மணிவிழா அழைப்பிதழும் ஸப்பினோவும்

அப்பச்சியின் மணிவிழா அழைப்பிதழில் ஆங்கிலப் பக்கத்தை ஸப்பினோ (Zapfino) என்ற கையெழுத்துப் பாணி எழுத்துருவில் அமைத்தேன், பெயர்களை யாராலும் படிக்க முடியவில்லை என்று சென்ற மாதம் இங்கே புலம்பியிருந்தேன். அழைப்பிதழ் அச்சாகி நேற்று காரைக்குடியிலிருந்து வந்துவிட்டது.

குற்றம் எழுத்துருவில் இல்லை, எங்கள் தலைப்பெழுத்துகளில்தான். நகரத்தார் வீட்டில் பெயருக்கு முன்னால் நான்கைந்து பெரிய எழுத்துகள் வரிசையாக நிற்கும். ஸப்பினோவின் பெரிய எழுத்து ஒவ்வொன்றும் தனியாக வாலை வீசி ஆட இடம் கேட்பது; நான்கை ஒட்டி வைத்தால் கோழிச்சண்டைதான். ஜெர்மானிய எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாஃப் 1944இல் கையால் எழுதிய வடிவங்களிலிருந்து பிறந்து 1998இல் வெளிவந்த எழுத்துரு அது. பேனாவின் வீச்சு அதில் அப்படியே இருக்கிறது.

உங்களில் ஒருவர் சொன்னபடி தலைப்பெழுத்துகளையும் முகவரியையும் அதே ஸாஃப் வடித்த பலட்டினோ (Palatino) என்ற நேரான அச்செழுத்துருவுக்கு மாற்றினேன். பெயர் மட்டும் ஸப்பினோவில். வரி இடைவெளியைத் தாராளமாக விட்டேன், இல்லாவிட்டால் மேல்வரியின் வால் கீழ்வரியின் தலையில் இடிக்கிறது. எழுத்துகளுக்கு நடுவே இடைவெளி கூட்டியதையும் நீக்கினேன். கூட்டெழுத்துகள், அதாவது அடுத்தடுத்த எழுத்துகள் ஒன்றாக இணையும் வடிவங்கள், அதில்தான் உடைந்திருந்தன.

பொன்னிற மென்தகட்டை அழுத்திப் பதிக்கும் பொன்தாள் அச்சில் எழுத்தின் மெல்லிய கோடுகள் இரண்டு இடங்களில் விட்டுப்போயின. எழுத்தின் அளவைச் சற்றுக் கூட்டி மறுபடி அடித்தார்கள்.

ஆயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தமிழ்ப் பக்கத்தை மட்டும் படித்தார். ஆங்கிலப் பக்கத்தைப் பார்த்து, "கோலம் நன்றாக இருக்கிறது" என்றார்.